நாற்காலி நிரப்ப வந்தவர்கள்

கொத்தடிமை முறை சட்டப்படி ஒழிந்து பல வருடங்கள் ஆகின்றன. ஒழிந்ததைக் கொண்டாட எங்கள் ஓசூர்ப் பக்கத்தில் வருஷா வருஷம் விழா எடுக்கிறார்கள். உறுதிமொழி, சால்வை, மதியம் பிரியாணி. குறை சொல்லக்கூடாது, பிரியாணி நன்றாகவே இருக்கும்.

இந்த வருடச் சால்வை மாதேஸ்வரிக்கு. கிருஷ்ணகிரி பக்கத்துக் கல்குவாரி ஒன்றில் பிறந்து, அப்பா வாங்கிய முன்பணத்துக்காக அங்கேயே கல் உடைத்து வளர்ந்தவள். கல்யாணமும் குவாரிக்குள்ளேயேதான். ஒருநாள் ஜல்லி லாரியில் ஏறித் தப்பினாள். தப்பியவள் சும்மா இருக்காமல் அதிகாரிகளைக் கூட்டிப் போய் மற்றவர்களையும் வெளியே கொண்டுவந்தாள். இப்போது ஜூஜுவாடியில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிறாள். லீவு நாளில் வளையல் கூடையோடு தளி பஸ் ஏறுவாள். தோட்டமோ குவாரியோ, வளையல்காரியை எந்த வாட்ச்மேனும் தடுப்பதில்லை. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் ஊர்வம்பு பேசிவிட்டுத் திரும்பும்போது, உள்ளே யாரை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். அவளால் விடுபட்ட குடும்பங்கள் நிறைய. வளையல் வியாபாரம்தான் உருப்படவில்லை.

விழாவுக்குக் கூட்டம் சேரவில்லை. காலி நாற்காலிகளைப் பார்த்து விழா நடத்தும் அதிகாரிக்கு வியர்த்தது. பிரியாணிச் செலவை ஏற்றுக்கொண்ட திம்மராயன், தளிப் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவர், "கவலப்படாதீங்க சார், நம்ம ஆளுங்க இருக்காங்க" என்று வேன் அனுப்பினார். கொத்தடிமை ஒழிப்பு விழாவுக்குத் தன் கொத்தடிமைகளையே கூட்டிவந்து உட்கார வைத்த புண்ணியவான் அவர் ஒருவராகத்தான் இருப்பார். நாற்காலிகள் நிறைந்தன. எல்லோரும் கை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். திம்மராயனின் குரல்தான் உரக்கக் கேட்டது.

சால்வை போர்த்தி மாதேஸ்வரியிடம் மைக்கைக் கொடுத்தார்கள். நன்றி சொல்லி உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்திருப்பார்கள். அவள் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை பெண்களில் ஒருத்தி இடுப்பிலும் குழந்தை இல்லை. பிரியாணி போடும் இடத்துக்குப் பிள்ளையை விட்டுவிட்டு வரும் தாய் எங்கள் பக்கத்தில் கிடையாது.

"புள்ளைங்கல்லாம் எங்கம்மா?" என்றாள். தெலுங்கில் கேட்டாள், கன்னடத்தில் கேட்டாள். எல்லோரும் திம்மராயனைப் பார்த்தார்கள்.

கடைசியில் செல்லி என்ற பெண் எழுந்தாள். "கொட்டாயில போட்டுப் பூட்டியிருக்காங்கக்கா. நாங்க திரும்பிப் போனாத்தான் தெறப்பாங்க. எம் பொண்ணுக்குக் காலைல இருந்து காச்சல்."

அதிகாரி பதறினார். "இன்னிக்கு விழாம்மா. நாளைக்கு மனு குடுக்கச் சொல்லு, விசாரிக்கலாம்."

"அப்ப இப்ப எதுக்குங்க சார் கைய நீட்டுனீங்க?" என்றாள் மாதேஸ்வரி.

மைக் அணைக்கப்படவில்லை. நிருபர்களின் கேமராக்கள் அதிகாரி பக்கம் திரும்பின. கேமரா திரும்பிவிட்டால் எங்கள் அதிகாரிகளுக்கு மனசாட்சி உடனே வந்துவிடும். ஜீப் கிளம்பியது. செல்லியை ஏற்றிவிட்டு மாதேஸ்வரியும் ஏறிக்கொண்டாள். பின்னால் திம்மராயனின் கார். பிரியாணிக்காகப் போயிருந்த நானும் பைக்கில் தொடர்ந்தேன்.

ரோஜாத் தோட்டத்தில் கொட்டாயின் பூட்டு திறந்தது. பிள்ளைகள் வெளியே ஓடிவந்தார்கள். ஓட முடியாத ஒரு குழந்தையைச் செல்லி உள்ளே போய்த் தூக்கிவந்தாள். அதிகாரி தொண்டையைச் செருமி, எல்லோருக்கும் இன்றே விடுதலை என்று கேமராவிடம் அறிவித்தார்.

செல்லி நாலடி நடந்தாள். திம்மராயன் எதிரில் வந்ததும் நின்று, தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்: "பாப்பாவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போவட்டுங்களா, மொதலாளி?"

மாதேஸ்வரி அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"அவனக் கேக்காத. நட."