ஆறடிக்கு ஒரு நாற்காலி

முந்நூறு பேர் கொள்ளும் மண்டபத்தில் ஐந்நூறு நாற்காலி திணித்தே மேனேஜர் இருபது வருடமாகப் பேர் வாங்கியிருந்தார். நோய் பரவியதும் கல்யாணத்துக்கு ஐம்பது பேர்தான், ஆறடி இடைவெளி, மீறினால் மண்டபத்துக்குச் சீல் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. மேனேஜர் நாற்காலிகளை அளந்து போட்டார். வாசல்வரை போய்த் திரும்புவதற்குள் நாற்காலிகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"தள்ளி உட்காருங்கம்மா."

"சம்பந்தி வீட்டைப் பத்திப் பேசறோம். அங்கேருந்து கத்தவா முடியும்?"

மூன்று தடவை பிரித்துப் போட்டார். நான்காவது தடவை எல்லாவற்றையும் அடுக்கிப் பூட்டிவிட்டார். ஐம்பது பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டு சண்டைக்கு நின்றார்கள். அப்போது சுகாதார அதிகாரி உள்ளே வந்தார்.

"யாருய்யா இங்கே கூட்டம் சேர்த்தது?"

எல்லோரும் சட்டென்று ஆறடி விலகி நின்று, மேனேஜரைக் கைகாட்டினார்கள்.