குறி போடாத சில்லு

எங்கள் வீட்டில் எதை ரிப்பேருக்குக் கொடுத்தாலும் குறி போட்டுத்தான் கொடுப்போம். ரேடியோ என்றால் பின்மூடியைக் கழற்றி உள்ளே ஒரு சிவப்புப் பொட்டு. மிக்சி என்றால் மோட்டாரின் அடியில் ஒரு கீறல். ரப்பரால் வந்த புத்தி இது. கேரள எல்லையோரம் ஆரியங்கோட்டில் எங்களுக்கு ரப்பர் தோட்டம் உண்டு, பாலை உறையவைத்து எடுக்கும் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் கொட்டில், புகைப்புரை, கிடையாது. அயல்வீட்டுப் புகைப்புரையில்தான் கொண்டு போடுவோம். பல வீட்டு ஷீட்டுகள் ஒரே கம்பில் தொங்கும். உலர்ந்தபின் எல்லாம் ஒரே நிறம். அதனால் ஒவ்வொரு வீட்டாரும் உலராத பச்சை ஷீட்டின் மூலையில் தங்கள் அடையாளத்தை வெட்டிவிடுவார்கள். எங்களுடையது வலது மூலையில் இரண்டு வெட்டு. உலர்ந்து வந்ததும் அப்பா ஒவ்வொன்றாக எடுத்து மூலையைத் தடவிப் பார்ப்பார். ஒரு தடவைகூட எங்கள் ஷீட்டு மாறியதில்லை. எல்லாம் குறியின் மகிமை என்பார் அவர். அயல்வீட்டார் நல்லவர்களாக இருக்கலாமே என்ற எண்ணம் அவருக்கு வந்ததில்லை. எனக்கும் அப்போது வந்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் பாறசாலையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டீச்சராக இருந்தேன். வளைகுடாவில் வேலை பார்த்த அத்தான், அக்காவின் கணவர், ஊருக்கு வந்த ஒருவர் வசம் ஒரு லேப்டாப்பைக் கொடுத்தனுப்பினார். அக்காவுக்கு அதைத் தொடவே பயம். ஆகவே அது என் பொறுப்புக்கு வந்தது. "நான் லீவுக்கு வாறது வரைக்கும் பத்திரமா இருக்கணும். அதில ஒண்ணும் ஏத்தவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம்" என்று அத்தான் போனில் சொல்லியிருந்தார். வந்தபோதே சார்ஜர் செருகும் துளை ஆடிக்கொண்டிருந்தது. வயரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் கரண்ட் ஏறும்.

பனச்சமூடு சந்திப்பில் டிவியும் கம்ப்யூட்டரும் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர், பாலிடெக்னிக்கில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் சென்டரில் இருந்த பத்து கம்ப்யூட்டர்களையும் நிரந்தரமாகப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று உரிமையாளர் அப்போது தேடிக்கொண்டிருந்தார். நான்தான் அண்ணன் பெயரைச் சொன்னேன். அண்ணனுக்கு அது வெறும் வேலையில்லை. மச்சினன் துபாயில் ஒரு விசாவைத் தயாராக வைத்துக்கொண்டு நச்சரித்துக்கொண்டிருந்தான். இவருக்கோ இரண்டு வயது மகளை விட்டுப் போக மனமில்லை. "இந்த வேலை கிட்டிச்சுண்ணா நான் எங்கயும் போகண்டாம் மக்கா" என்றார். உரிமையாளர் மலையாளத்தில் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "ஆளெ விஸ்வசிக்காமோ டீச்சரே?" தாராளமாக நம்பலாம் என்றேன். வெள்ளிக்கிழமை அவரை அழைத்து வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு.

அதே வாரம் திங்கட்கிழமை, நம்பலாம் என்று சொன்ன அதே வாயோடு, அக்காவின் நகப்பூச்சுக் குப்பியை எடுத்து அண்ணனிடம் ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டிய லேப்டாப்புக்குக் குறி போட உட்கார்ந்தேன். அடியில் ஒரு சின்ன மூடி இருந்தது. அதைத் திருகி எடுத்தால் டிஸ்க்கும் மெமரியும் தெரியும். இரண்டிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தேன். அப்பா பக்கத்தில் நின்று பார்த்தார்.

"இது போதுமா? உள்ள இன்னும் சாமானம் உண்டல்லோ?"

"அதுக்கு கீபோர்டைக் கழத்தணும்ப்பா. எனக்குத் தெரியாது."

"பனச்சமூட்டில நாலு எட்டு வச்சா அங்கோட்டு தமிழ்நாடாக்கும். சாமானம் அங்க கடந்தாச்சுண்ணா பின்ன ஒரு போலீசுக்கும் எட்டாது, பாத்துக்க."

நான் சிரித்தேன். சிரித்தேனே தவிர, அந்தப் பேச்சு காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்றைக்கே லேப்டாப்பை அண்ணன் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். புதன்கிழமை மாலை திரும்ப வாங்கப் போனபோது பனச்சமூட்டில் கரண்ட் இல்லை. லேப்டாப்பின் பேட்டரியிலும் உயிர் இல்லை. "அரை மணிக்கூறு இரி மக்கா, கரண்டு வரட்டு. போட்டுக் காட்டித் தாறேன்" என்றார் அண்ணன். எனக்குப் பஸ்ஸுக்கு அவசரம். நான்தான் கிளம்பினேன். பிற்பாடு இந்த ஒரு விஷயத்தை நான் தலைகீழாக்கி நினைவில் வைத்துக்கொண்டேன்: போட்டுக் காட்டாமலே கையில் திணித்து அனுப்பிவிட்டார் என்று.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அடிமூடியைத் திறந்து பொட்டுகளைப் பார்த்தேன். இரண்டும் இருந்தன. சார்ஜர் துளை அசையாமல் நின்றது. அப்போதே லேப்டாப்பைத் திறந்து, ஏற்கெனவே இருந்த விண்டோஸ் வருகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். நான் வேறு ஒன்று செய்தேன். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இனாமாக வந்த, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் சிடி ஒரு மாதமாக என் பைக்குள் கிடந்தது. சென்டர் கம்ப்யூட்டரில் அதைப் போட அனுமதியில்லை. கை அரித்தது. போட்டேன். டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கலாமா என்று அது ஒரு கேள்வி கேட்டது. அழிக்கலாம் என்றேன். அத்தான் சொன்னது அந்த நேரத்தில் ஞாபகம் வராமல் இல்லை. வந்துதான் இருந்தது.

கடைசியில் படம் காட்டும் கார்டு எது என்று கேட்டு ஒரு நீளமான பட்டியலை நீட்டியது. என்னவென்று எனக்கு எப்படித் தெரியும்? பெயர் நன்றாக இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். முடிந்ததும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மட்டும் வந்தன. படத்திரையைத் திறக்கும் கட்டளையைக் கொடுத்தால், திரை ஒரு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டு, திரை எதுவும் அகப்படவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியது. கண்முன்னால் திரையை வைத்துக்கொண்டு திரையைக் காணோம் என்கிறது. பட்டியலில் அடுத்ததைப் போட்டேன், அதற்கடுத்ததைப் போட்டேன். எதற்கும் மசியவில்லை. பிறகு, போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கேட்கும் கட்டளை ஒன்றைக் கண்டுபிடித்தேன். வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தது. படம் காட்டும் சில்லுக்கு, அதாவது அந்தக் கார்டின் சிப்புக்கு, வந்ததும், தயாரித்தவர் யாரென்று தெரியாது, சாதனம் எதுவென்று தெரியாது என்றது. பக்கத்தில் இரண்டு எண்கள்.

உடம்பு குளிர்ந்துவிட்டது. தெரியாத சில்லு! அசல் சில்லாக இருந்தால் அதற்கொரு பெயர் இருக்காதா? குறி போட்ட டிஸ்க் இருக்கிறது, குறி போட்ட மெமரி இருக்கிறது. அப்படியானால் பொட்டைப் பார்த்துவிட்டு, பொட்டு இல்லாததாகப் பார்த்துக் கைவைத்திருக்கிறார். பொட்டுகள் பத்திரமாக இருந்ததே களவுக்குச் சாட்சியாகிவிட்டது. இந்தக் கணக்கில் ஓட்டையே எனக்குத் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம் உண்டு. களவு போகவில்லை என்றால் கெடுத்தது நான் என்றாகும். அத்தானுக்கு முன்னால் அக்கா தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும். எனக்கு ஒரு கள்ளன் தேவையாக இருந்தான்.

வியாழக்கிழமை பூத்திலிருந்து கடைக்குப் போன் செய்தேன்.

"அண்ணா, நீங்க கீபோர்டைக் கழத்தி உள் போர்டைத் திறந்தீங்களா?"

"திறக்காம பின்ன? அந்தத் துளை போர்டிலயாக்கும் ஒட்டியிருக்கு. எதுக்கு மக்கா கேக்குற, சார்ஜ் ஏறலியா?"

"ஏறுது. சும்மா கேட்டேன். நாளைக்கு சென்டருக்கு வரவேண்டாம். சாருக்குக் கொஞ்சம் வேலை."

"செரி" என்றார். திறந்ததை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார், எதிர்த்து ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, இனி என்ன வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை உரிமையாளர், அந்த ஆள் வரவில்லையா என்றார். "கொஞ்சம் பொறுக்கலாம் சார், ஒரு காரியம் தெளிவாகட்டும்" என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "எந்தா, கள்ளனாணோ?" அப்படியில்லை சார் என்று சொல்ல ஒரு விநாடி போதும். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை அக்காவிடம் உண்மையைச் சொல்லி அழுதேன். உண்மை என்று நான் நினைத்ததை, அண்ணன் சில்லை மாற்றிவிட்டார் என்று. அவள் பீரோவைத் திறந்து, பட்டுச்சேலைகளுக்கு அடியிலிருந்து லேப்டாப்போடு வந்த புத்தகத்தை எடுத்தாள். அதன் உறையில் ஒரு சிடியும் இருந்தது. "இதையும் நீ கொண்டுபோய்த் தொலைச்சிருவியோண்ணு பயந்து எடுத்து வச்சேன்" என்றாள். எங்கள் வீடு அப்படி. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகத்தின் பெயரும் இருந்தது, படம் காட்டும் சில்லின் பெயரும். சரி, அசல் எதுவென்று தெரிந்துவிட்டது, இனி போலி எதுவென்று தெரிந்தால் ஆளைப் பிடித்துவிடலாம் என்று கறுவிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே இன்டர்நெட் கடையில், திரையில் வந்த அந்த இரண்டு எண்களையும் கொடுத்துத் தேடினேன். ஒவ்வொரு பக்கமும் திறக்கும் நேரத்துக்குள் ஒரு வேளைச் சோறு பொங்கலாம். திறந்தது. எண்கள் இரண்டும் புத்தகத்தில் இருந்த அதே சில்லைத்தான் சொல்லின. அதே தயாரிப்பாளர், அதே சில்லு. என் கையிலிருந்த சிடி அந்தச் சில்லுக்கு முந்தியது, அதன் பட்டியலில் பெயரே கிடையாது, அவ்வளவுதான். சில்லோடு பேசித் திரையில் படம் வரவழைக்கும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். அது விண்டோஸோடு சேர்ந்து லேப்டாப்பில் இருந்தது. அழிக்கலாம் என்று நான்தான் அழித்திருந்தேன். லினக்ஸுக்கான டிரைவர் பிறகுதான் வெளிவந்திருந்தது. அதை இரண்டு பிளாப்பியில் இறக்கிக்கொண்டு திரும்பினேன். சாயங்காலம் அதை ஏற்றிக் கட்டளை கொடுத்தேன். திரை சிமிட்டியது, பிறகு அகலமாக, கண் கூசும் நீலத்தில் திறந்தது. நாலு நாளாக அதற்காகத்தான் தவம் கிடந்தேன். அத்தான் வருமுன் புத்தகத்து சிடியைப் போட்டுப் பழையபடி ஆக்கிவிடலாம். வெள்ளிக்கிழமையை எந்த சிடி போட்டுத் திருப்புவது?

திங்கட்கிழமை காலை உரிமையாளரின் முன்னால் நின்று, தப்பு என்னுடையது, அந்த ஆள் பத்தரைமாற்றுத் தங்கம் என்று சொன்னேன். "அதினெந்தா டீச்சரே. நெய்யாற்றின்கரயில் நின்னு ஒராளெ ஏற்பாடாக்கி" என்றார். வேறு ஆளைப் பிடித்தாகிவிட்டது. அவர் குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. நான் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் அவருக்கு இனி அந்த ஆள், நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது கள்ளனாகிப்போன ஆள்தான்.

அன்றே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பனச்சமூட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றதையும் ஒளிக்கவில்லை. மன்னிச்சிருங்க அண்ணா என்றேன். அண்ணன் கேட்டுக்கொண்டே ஒரு டிவியின் பின்பக்கத்துத் தூசியைப் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தார்.

"செரி, அது போகட்டு. விசாவுக்கு நான் சம்மதம் சொல்லியாச்சு. அடுத்த மாசம் போறேன் டீச்சர்."

அவர் என்னை டீச்சர் என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. கிளம்பலாம் என்று லேப்டாப்பைக் கையில் எடுத்தேன். உள்ளே ஏதோ உருண்டு கடகடவென்றது. ஓயாமல் மூடியைத் திறந்து திறந்து பொட்டுகளைப் பார்த்ததில், ஒரு திருகாணியை நானே உள்ளே தவறவிட்டிருந்தேன்.

"அப்படியே ஆன் பண்ணுனா போர்டு எரிஞ்சு போகும். தாங்க" என்று வாங்கினார். மேஜையை இழுத்து வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் போட்டார். தன் ஸ்டூலை எதிரில் வைத்தார்.

"இதில இருங்க."

"நான் வெளிய நிக்கேன் அண்ணா. நீங்க பாருங்க."

"வேண்டாம். இங்க இருந்து பாத்துக்கிடுங்க."

உட்கார்ந்தேன். அவர் நின்றுகொண்டே வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு திருகாணியையும் எடுத்து என் முகத்துக்கு நேராக ஒரு கணம் பிடித்துவிட்டு, பிறகுதான் பேப்பரில் வைத்தார். கீபோர்டைத் தூக்கினார், அதையும் காட்டினார். முகத்தில் கோபம் இல்லை, குத்திக்காட்டுகிற பாவனையும் இல்லை. வேலையில் இதுவும் ஒரு பகுதி என்பதுபோல நிதானமாகச் செய்தார். தாங்க முடியாமல் ரோட்டுப் பக்கம் தலையைத் திருப்பினேன். திருப்புளியின் சத்தம் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால், திறந்த போர்டுக்கு மேலே இரண்டு கைகளையும் அப்படியே விரித்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். நான் மறுபடி பார்க்கத் தொடங்கும்வரை அவர் அதைத் தொடவில்லை.