அப்பா ‘ரெடி’ சொல்லாத மாலை

போட்டோ என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கன்ன வலி. அப்பா கேமராவைக் கண்ணில் வைத்துவிட்டால் எப்போது எடுப்பார் என்று அவருக்கே தெரியாது; தூரத்துக்கு ஒரு வளையம், வெளிச்சத்துக்கு ஒரு வளையம் என்று மாற்றி மாற்றித் திருகிக்கொண்டே இருப்பார், நாங்கள் சிரித்த முகத்தை விடவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் நிற்போம். கடைசியில் மூச்சை இழுத்து "ரெடி" என்பார். அதற்குப் பிறகுதான் ‘கிளிக்’.

மஸ்கட்டிலிருந்து மாமா கொண்டுவந்து கொடுத்த கேமரா அது. சேலையூரில் கணக்கு வாத்தியாராக இருந்த அப்பா யாரையும் லேசில் நம்பமாட்டார். பால் பாக்கெட்டை அமுக்கிப் பார்ப்பார், கறிக்கடைத் தராசைக் குனிந்து பார்ப்பார், பாஸ்டர் ஒரு வசனத்தைச் சொன்னால் அது அந்த அதிகாரத்தில்தான் இருக்கிறதா என்று பைபிளைப் புரட்டிப் பார்ப்பார். அவசரமாகப் படம் எடுக்கிறவன் எதையும் பார்க்காமலே எடுக்கிறான் என்பது அவர் கட்சி. "பட்டனை அமுக்க ஒரு செகண்ட் போதும், பாக்கறதுக்குத்தான் நேரம் வேணும்" என்று அடிக்கடி சொல்வார். அவருடைய சந்தேகப் புத்தி எங்களுக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

அக்கா காலேஜ் முடித்த வருஷம் ஒரு சம்பந்தம் வந்தது. எங்கள் சபையில் மரியாதைக்குரிய ஒரு அங்கிள் மாப்பிள்ளையின் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அதைப் பைபிளுக்குள் வைத்து ராத்திரி ஜெபத்தில் அந்தப் பையன் பெயரையும் சேர்த்துக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் சந்தேகத்தில் எங்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை போலிருக்கிறது. ஸ்டூடியோவில் எடுத்தால் நிறத்தைக் கூட்டிவிடுவார்கள், பெண்ணை வீட்டில் வைத்து எடுத்த படம்தான் வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். அப்பாவுக்கு அந்த நிபந்தனை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மொட்டை மாடியில் அக்காவை நிறுத்தி ஒரு பிலிம் ரோல் முழுவதையும் எடுத்தார். கழுவி வந்தபோது அத்தனை படத்திலும் அக்கா கண்ணை மூடியிருந்தாள். அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு தாம்பரத்தில் இருந்த ஸ்டூடியோவுக்குப் போய், ரோலைக் கழுவும்போது நீங்கள்தான் ஏதோ கெடுத்துவிட்டீர்கள் என்று சண்டை பிடித்தார். "பொண்ணு கண்ண மூடிகினு நின்னா நான் இன்னா சார் பண்றது? பேஜாரா கீதே!" என்றார் கடைக்காரர். அம்மா யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றாள். எனக்கோ அக்கா மேல்தான் சந்தேகம். கண் இமைக்காமல் ஒருவரையொருவர் பார்க்கும் விளையாட்டில் எங்கள் தெருவில் அவளை ஜெயித்தவர்கள் கிடையாது. அப்படிப்பட்டவளுக்கு ஒரு படத்தில்கூடவா கண் திறந்திருக்காது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா புது ரோலோடு மாடி ஏறினார். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அக்காவை நிறுத்திவிட்டு, "இந்த வாட்டி ‘ரெடி’ சொல்லமாட்டேன், எப்ப எடுப்பேன்னு உனக்குத் தெரியாது" என்றார். அக்காவின் முகம் சட்டென்று மாறிவிட்டது. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது உறுதியாயிற்று. அப்பா கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். கீழே பக்கத்து வீட்டு மோட்டார் ஓடி நின்றது, அப்போதும் பார்த்துக்கொண்டிருந்தார். மூடவும் வழியில்லாமல் நின்ற அக்காவின் கண்கள் மெல்லக் கலங்கின.

"அழறியாம்மா?"

"வெயில்ப்பா."

"நிழல்லதானே நிக்க வெச்சிருக்கேன்."

அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "என்னை இவ்ளோ நேரம் பாக்கறீங்களே, அந்தப் படத்த ஒரு தடவையாவது இப்படிப் பாத்தீங்களாப்பா?" என்றாள்.

அப்பா படம் எடுக்கவில்லை. கேமராவுக்கு மூடியைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கி, பைபிளிலிருந்து மாப்பிள்ளையின் படத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். அக்காவைத் தவிர நாங்கள் எல்லாரும் அதில் முகத்தை மட்டும்தான் பார்த்திருந்தோம். படத்தின் ஒரு ஓரம் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தது. கறுப்புக் கோட்டின் தோள் மேல், வெட்டிப் போனது போக மூன்று விரல் நுனிகள் மிச்சமிருந்தன, நகத்தில் சிவப்புச் சாயத்தோடு. பால் பாக்கெட்டைக்கூட நம்பாத மனிதர், சபை வழியாக வந்தது என்பதற்காக அந்தப் படத்தை மட்டும் நம்பிவிட்டார். ஜெபத்தில் வைத்ததைப் போய்ச் சந்தேகப்படுகிறாயா என்று அம்மா கேட்பாளே என்ற பயத்தில் அக்காவும் வாயைத் திறக்கவில்லை. பாவம், கண்ணைத்தான் மூடிப் பார்த்திருக்கிறாள்.

யாருடைய கை என்று அப்பா கேட்டனுப்பியதற்கு, தங்கையின் கை என்று பதில் வந்தது. "அப்ப முழுப் படத்தையும் அனுப்பச் சொல்லுங்க" என்றார். அது வரவேயில்லை, சம்பந்தமும் அதோடு நின்றது. அந்த அங்கிள் கொஞ்ச காலம் சர்ச்சில் எங்கள் பக்கமே திரும்பவில்லை. தங்கையின் கையாகவே இருந்திருக்கலாம் என்று எனக்குச் சில நேரம் தோன்றும்; தங்கை என்றால் வெட்டுவானேன் என்று உடனேயே தோன்றும்.

இப்போது மேடவாக்கத்தில் இருக்கிறேன். லீவு நாட்களில் கேமரா பழகுகிற ஒரு குழுவோடு அனகாபுத்தூர் ஆற்றங்கரைக்குப் போவதுண்டு. சொல்லித்தருகிற தம்பி, "அவசரப்படாதீங்க மேடம், நிதானமா பாத்து ஒரே ஒரு ஷாட் எடுங்க" என்று தானே கண்டுபிடித்த மாதிரி சொல்வார். சொல்வது சரிதான். ஆனால் வீட்டுக்குப் போனதும் ஓரத்தில் நின்ற ஆளையும் குப்பையையும் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டுத்தான் படத்தைக் குரூப்பில் போடுகிறார், அழித்த சுவடே தெரியாது. ரோல் போயிற்று, கழுவிக் கொடுத்த ஸ்டூடியோக்கள் போயின, அப்பாவும் போய்விட்டார். அதையெல்லாம் ஒருமாதிரி தாங்கிக்கொள்ளலாம். வெட்டினால் வெட்டியது தெரிகிற காலமும் போய்விட்டதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போன மாதம் அக்கா மகள், தான் கட்டிக்கொள்ள நினைக்கும் பையனின் படத்தை போனில் காட்டினாள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, முகத்திலிருந்து நான்கு ஓரம் வரைக்கும் பார்த்தாள். "என்னம்மா தேடற?" என்று பெண் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

"இதுல எனக்கு ஒண்ணும் தெரியலடி. அந்தப் பிள்ளைய வீட்டுக்கு வரச் சொல்லு. எதிர்ல உக்காந்து நான் பாக்கணும்."