கை வைக்கச் சொன்ன இடத்தில் எல்லாம் வைத்தேன்

அந்தப் படம் என் போனில் வந்தது அவலூர்பேட்டையில், என் நாத்தனார் வீட்டுக் காதுகுத்தில். பந்தி முடிந்து பெண்கள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். குழந்தைக்கு மொட்டை அடித்தபோது நான் எடுத்த படங்களைக் காட்டச் சொன்னார்கள். போனை நடுப்பாயில் வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். முதலில் மொட்டைத் தலை, பிறகு சந்தனம் பூசிய தலை, பிறகு மாமன் மடியில் குழந்தை அழுவது. அந்தப் படத்துக்கு மேலே திடுமென்று ஒரு பட்டை இறங்கியது. அதில் ஒரு பெண். அவள் உடம்பில் துணி என்று சொல்ல ஒன்றுமில்லை. 'உங்கள் ஊரில்தான் இருக்கிறேன், தனியாக' என்று தமிழிலேயே எழுதியிருந்தது.

நான் எழுத்துக் கூட்டிப் படிப்பவள். நான் படித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் எல்லாரும் படித்துவிட்டார்கள்.

"இன்னா அண்ணி இது?" என்றாள் நாத்தனார். "எங்க அண்ணன் போனதுல இருந்து உங்களுக்குப் பொழுதே போவல போல."

கூடமே சிரித்தது. சிரிக்காத நாலு பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அது சிரிப்பதைவிட மோசம். நான் போனைத் திருப்பி வைத்தேன். அதற்குள் போன் போலீஸ் வண்டி மாதிரி கத்த ஆரம்பித்தது. 'உங்கள் போனில் வைரஸ்' என்று இன்னொரு பட்டை.

சத்தம் கேட்டு என் மகன் வந்தான். போனை எடுத்துப் பார்த்தான். தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அத்தனை பேர் எதிரில் சொன்னான்:

"எம்மா, இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? ஞாயித்துக்கிழமை ஒரு பட்டன் போன் வாங்கியாறேன். பேசுறதுக்கு அது போதும்."

எனக்கு அறுபத்தெட்டு வயது. புருஷன் போய்ப் பதினோரு வருஷம். வல்லம் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லையை ஒண்டியாகப் பார்க்கிறேன். இத்தனை வருஷத்தில் என் நடத்தையைப் பற்றி ஒருத்தரும் ஒரு சொல் சொன்னதில்லை. அந்தச் சொல்லை ஒரு போன் சொல்ல வைத்தது. என் மகன் அதற்குத் தலையாட்டினான்.

செஞ்சி வரும் வரைக்கும் பஸ்ஸில் அவனோடு பேசவில்லை. அவன் ஒரு தபா தண்ணி பாட்டிலை நீட்டினான். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

போன் போனால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். மல்லாட்டையைப் பிடுங்கிக் களத்தில் காயப் போட்டிருக்கும்போது மழை வருமா என்று தெரிய வேண்டும். போனில் மேகம் நகர்வதைப் படமாகவே காட்டுகிறான். படிக்க வேண்டியதில்லை. மல்லாட்டை ஏலம் போகிற மார்க்கெட் கமிட்டியில் இன்றைக்கு என்ன விலை என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். முன்னெல்லாம் இதையெல்லாம் யாரையாவது கேட்க வேண்டும். கேட்டால் இழுத்து இழுத்துச் சொல்வார்கள், அதுவும் பாதிதான் சொல்வார்கள். இந்த நாலு வருஷமாக நான் யாரையும் எதுவும் கேட்டதில்லை. அவன் என் கையிலிருந்து எடுத்தது அதைத்தான்.

மறுநாள் காலையில் அவன் எதிரில் போய் நின்று கையை நீட்டினேன். கொடுத்தான். "கடையில காட்டு. சரியாவலன்னா ஞாயித்துக்கிழமை பட்டன் போன்தான்" என்றான்.

கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் பார்ப்பவனிடம் போனேன். மீசை வைத்த ஆள், ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். போனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். உதட்டுக்குள் சிரித்தான்.

"ஆயா, கண்டதையும் தொறந்தா இப்டித்தான் வரும்."

"நான் இன்னாத்தத் தொறந்தேன்னு நீ பாத்தியா?"

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. வுடு ஆயா. ரீசெட் போட்டுட்டா எல்லாம் போயிடும்."

"எல்லாம்னா?"

"போட்டோ, நம்பரு, எல்லாம்."

"என் வூட்டுக்குள்ள எவனோ பூந்துட்டான்னு சொன்னா, வூட்ட இடிச்சுடலாங்கிறியே, நீ எப்பிடிய்யா பொழப்பு நடத்தற?" என்று கேட்டுவிட்டுப் போனைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தாலுக்கா ஆபீஸ் எதிரில் மனு அடித்துக் கொடுக்கிற அம்மா ஒருத்தர் இருக்கிறார். முஸ்லிம் வீட்டுப் பெண், நாற்பது வயசிருக்கும். என் பட்டாவில் பெயர் மாற்றியபோது அவர்தான் மனு அடித்தார். ஒரு எழுத்துக்கூடத் தப்பு வராது. அவரிடம் போய், நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. போனை வாங்கி, இன்டர்நெட் பார்க்கிற அந்த வட்டப் படத்தைத் தொட்டு, அதன் செட்டிங்கில் உள்ளே உள்ளே போனார்.

"பெரியம்மா, நீங்க ஒன்னும் கெட்டதத் தொறக்கல. அவனுங்கதான் உங்களத் தேடி வரானுங்க. வரலாம்னு நீங்க சொல்லியிருக்கீங்க."

"நானா? எப்ப சொன்னேன்?"

ஒரு பட்டியலைக் காட்டினார். வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்ன மணிப் படம். முப்பத்தேழு இருந்தது. "இந்த முப்பத்தேழு பேரும் எப்ப வேணும்னாலும் உங்க போன்ல மணி அடிக்கலாம், படம் அனுப்பலாம். முதல்ல ஒரு பெட்டி வந்து கேட்டிருக்கும். ஒரு பக்கம் 'அனுமதி', ஒரு பக்கம் 'தடு'. நீங்க அனுமதியத் தொட்டிருக்கீங்க."

"முப்பத்தேழு தபாவுமா?"

"முப்பத்தேழு தபாவும்."

அந்தப் பெட்டிகள் எனக்கு ஞாபகம் இருந்தன. மழைப் படம் தெரிவதற்கு முன்னால் ஒன்று வரும். விலை தெரிவதற்கு முன்னால் ஒன்று வரும். வந்தால் நான் விரலை வைப்பேன். ஏன் வைக்க மாட்டேன்? ரேஷன் கடையில் அரிசி வேண்டுமென்றால் மிஷினில் விரல் வைக்க வேண்டும். நூறு நாள் வேலைக்கு விரல். பேங்கில் விரல். பாகம் பிரித்தபோது பத்திர ஆபீஸில் பத்து விரலும் வைத்தேன். 'இங்க வை ஆயா, அழுத்தி வை, இன்னொரு தபா வை.' வைக்காவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். வைக்க மாட்டேன் என்று சொல்வதற்கு ஒரு இடத்தை எந்த ஆபீஸிலும் யாரும் எனக்குக் காட்டியதில்லை. அதனால் அப்படி ஒரு இடம் இருக்கும் என்றே நான் தேடவில்லை. ஐம்பது வயதில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டேன். அப்புறமும் விரல் மட்டும் பழைய பழக்கத்தில்தான் இருந்தது.

இதைவிட மோசமாக, பொய் சொல்லி விரல் வைக்கச் சொல்கிற பக்கங்களும் உண்டு என்றார் அந்த அம்மா. அவரே அப்படி ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். 'நீங்கள் மனிதர்தான் என்று உறுதி செய்ய, அனுமதி என்பதைத் தொடவும்.'

அதுவும் எனக்கு ஞாபகம் இருந்தது. ஒரு தபா இல்லை, பல தபா. எவனோ ஒருத்தன் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, நீ மனுஷியா என்று என்னைக் கேட்டிருக்கிறான். நானும் ஆமாம் சாமி, மனுஷிதான் என்று விரலை வைத்திருக்கிறேன். அவன் அந்த வழியாக உள்ளே வந்து துணியில்லாத படத்தைக் காட்டியிருக்கிறான். இதைச் சொல்லும்போதுகூடப் பல்லைக் கடிக்கிறேன்.

"எடுத்துடலாம் பெரியம்மா, ஒரே தட்டுல" என்றார்.

"முதல்ல இந்தப் பட்டியலக் காகிதத்துல எடுத்துக் குடு. எந்தெந்தப் பேருக்கு எதுக்குப் போனேன்னு தமிழ்ல எழுதிக் குடு. அப்புறம் ஒரே தட்டுல வேணாம். ஒவ்வொன்னா நானே எடுக்கிறேன்."

அப்படித்தான் செய்தேன். 'தடு', 'தடு' என்று ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டி. பின்னால் மனு அடிக்க வந்த ஆள் ஒருத்தர், "யம்மா, பொழுது இங்கயே போயிடும் போல" என்றார். "எனக்கு நாலு வருஷம் போயிடுச்சு. உனக்குக் காலங்காத்தால ஒரு அரை மணி நேரம் போனா இன்னா?" என்றேன். அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அதற்கப்புறம் இனிமேல் எந்தப் பக்கமும் மணி அடிக்க அனுமதி கேட்கவே கூடாது என்று மொத்தமாகவே அணைத்தார். நான் எங்கே இருக்கிறேன் என்று பார்ப்பது, கேமரா, மைக், எல்லாவற்றையும் மூடினார். மழைப் படத்துக்கு மட்டும் இடம் தெரிய வேண்டும் என்றார். "அதுக்கும் கேட்டுட்டு வரட்டும், நான் அப்பப்ப சொல்றேன்" என்றேன். இன்டர்நெட்டை மூடும்போதெல்லாம் நான் பார்த்த தடயம் அழியும்படி வைத்தார். நான் ஒரு பக்கத்தில் மூட்டு வலித் தைலம் பார்த்தால், மறுநாள் வேறு எங்கோ விலை பார்க்கும்போது அதே தைலம் முன்னால் வந்து நிற்கும். அது தற்செயல் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். கூடவே ஒருத்தன் வந்து, நான் எந்தக் கடையில் நின்றேன், எதைத் தொட்டேன் என்று எழுதி விற்கிறானாம்.

"யாரக் கேட்டு எழுதறான்?"

"உங்களத்தான் பெரியம்மா. அதுக்கும் ஒரு பெட்டி வந்திருக்கும்."

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனாலும் அவரைத்தான் முறைத்தேன். முறைக்க அங்கே வேறு ஆள் இல்லை.

கடைசியில் வேறு ஒரு பிரவுசர் இறக்கினார். அதில் விளம்பரத்தைத் தடுக்கிற ஆட்-ஆன் ஒன்றை மாட்டலாம் என்றார். ஆட்-ஆன் என்றால் கதவுக்குக் கொசுவலை அடிப்பது மாதிரி, கதவோடு வராது, நாம்தான் அடிக்க வேண்டும் என்றார். மாட்டப் போனபோது ஒரு பெட்டி வந்தது. 'நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களின் தகவலையும் இது படிக்கலாம்.' கீழே 'சேர்' என்று ஒன்று, 'ரத்து' என்று ஒன்று.

நான் விரலை மடக்கிக்கொண்டேன்.

"இதுவும் விரல் வைக்கத்தான் சொல்லுது. எல்லாத்தையும் படிப்பேங்குது. இவன மட்டும் எப்படி நம்பறது?"

அந்த அம்மா போனைக் கீழே வைத்தார். "நல்ல கேள்வி பெரியம்மா. இத எழுதினவங்க அதுக்குள்ள இருக்கிறத எல்லாரும் பாக்கிற மாதிரி வெளியில வச்சிருக்காங்க. தெரிஞ்சவங்க பல வருஷமா பாத்துட்டு இருக்காங்க. நானும் இதத்தான் வச்சிருக்கேன். ஆனா இதே பேரு மாதிரி இன்னும் மூனு இருக்குது, அதெல்லாம் யாருன்னே எனக்குத் தெரியாது. அதத் தொடக்கூடாது. ஒன்னே ஒன்னு போதும், ஆட்-ஆன மேல மேல மாட்டக்கூடாது."

அவர் போனைத் திறந்து காட்டச் சொன்னேன். காட்டினார். ஒரே ஒன்றுதான் இருந்தது. எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்த பிறகுதான் 'சேர்' என்பதைத் தொட்டேன். நாலு வருஷத்தில் கேள்வி கேட்டு நான் வைத்த முதல் விரல் அது.

ஞாயிற்றுக்கிழமை மகன் பட்டன் போனை அட்டைப் பெட்டியோடு கொண்டு வந்தான். உட்காரச் சொன்னேன். மடித்து வைத்திருந்த காகிதத்தை அவன் கையில் கொடுத்தேன்.

"படி. சத்தமாப் படி."

"இன்னாம்மா இது?"

"நான் தொறந்து பாத்ததெல்லாம். நீதான என்னைப் பத்தித் தெரிஞ்சவன், படி."

படித்தான். மழை. மழை. மல்லாட்டை விலை. மூட்டு வலி. பட்டா. மழை. செடியில் துரு நோய். பாம்பு கடித்தால் என்ன செய்வது. மல்லாட்டை விலை. பதினைந்தாவதில் குரல் இறங்கிவிட்டது. "சத்தமா" என்றேன். மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டாள். முப்பத்தேழையும் படிக்க வைத்தேன்.

"சரிம்மா. வுடு."

"எத வுடறது? நீ பேசினது நடுக் கூடத்துல, அம்பது பேர் எதிர்ல. வுடுங்கிறது மட்டும் நம்ம வூட்டு அடுப்பங்கரையிலயா? உங்க அத்தைக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல போடு."

போட்டான். சொன்னான். அம்மா மேல் தப்பில்லை, விளம்பரக்காரன் வேலை, நான் தெரியாமல் பேசிவிட்டேன் என்று முழுங்கி முழுங்கிச் சொன்னான்.

"அட, அது எனக்கு அன்னிக்கே தெரியும் நைனா" என்றாள் என் நாத்தனார். "நான் சும்மா தமாசுக்குத்தான் சொன்னேன்."

நான் போனைப் பிடுங்கினேன். "தெரிஞ்சே சொன்னியா? எப்பிடிடி தெரியும் உனக்கு?"

அந்தப் பக்கம் கோழி கத்துவது கேட்டது. கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"எனக்கும் வருது அண்ணி. ஆறு மாசமா. அவர் எதிர்ல போனையே எடுக்கிறதில்ல. அன்னிக்கு உங்க போன்ல வந்ததும் பக்குனு ஆயிடுச்சு. அடுத்து என்னுதுல வந்துடுமோன்னு... முதல்ல நான் சிரிச்சுட்டா என் பக்கம் யாரும் பாக்க மாட்டாங்கன்னு சிரிச்சிட்டேன்."

திட்ட வந்தவள் நிறுத்திக்கொண்டேன். ஆனால் கோபம் கரைந்துவிடவில்லை. "திங்கக்கிழமை போன எடுத்துக்கினு செஞ்சிக்கு வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பட்டன் போனை மகனிடமே கொடுத்தேன். அவன் அதைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு போனான்.

வந்தாள். மனு அடிக்கிற அம்மாவிடம் கூட்டிப் போனேன். அவள் பட்டியலில் ஐம்பதுக்கு மேல் இருந்தது. ஒரே தட்டில் எடுக்கலாமா என்று கேட்டாள். முடியாது, ஒவ்வொன்றாக எடு என்றேன். எடுத்தாள். பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். ஆட்-ஆன் பெட்டி வந்ததும் யோசிக்காமல் விரலைக் கொண்டு போனாள். கையைத் தட்டிவிட்டு, முதலில் படி என்றேன்.

பஸ் ஸ்டாண்டில் அவலூர்பேட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகக் கேட்டாள், "கோவம் போச்சா அண்ணி?"

"போவல. அன்னிக்குக் கூடத்துல இருந்தவங்க வூட்டுக்கெல்லாம் போயி, இப்ப என்கிட்ட சொன்னத அவங்ககிட்டயும் சொல்லு. அப்புறம் கேளு."

"எல்லாரு வூட்டுக்குமா?"

"சிரிச்சது எல்லாரும்தான?"

தலையை ஆட்டினாளா, பஸ் கிளம்பிய ஆட்டமா, தெரியவில்லை. பத்து நாள் ஆகிறது. இதுவரைக்கும் மூன்று வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று கேள்வி. இன்னும் இருக்கிறது. நான் கணக்கு வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.