உங்கள் மாமாவை நான் இடம் மாற்றியது

பிள்ளைகளா, உங்கள் மாமா ஏன் நம் வீட்டுக்கு வருவதே இல்லை என்று நீங்கள் மூன்று பேரும் எத்தனையோ தடவை கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொரு தடவையும் "ஊர் தூரம்ப்பா" என்று சொல்லிச் சமாளித்தேன். திருநெல்வேலி ஒன்றும் அவ்வளவு தூரமில்லை. சாயங்காலம் ரயில் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். உங்களுக்கும் இப்போது விவரம் தெரிகிற வயசு வந்துவிட்டது. நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. போனவன். கோவையாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

உங்கள் அம்மாவுக்கு ஒரே தம்பி அவன். ஆவடியில் தாத்தாவுக்குக் கொடுத்திருந்த ஃபேக்டரி குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தான். வீட்டில் திருநெல்வேலிப் பேச்சு, தெருவில் மெட்ராஸ் பேச்சு, இரண்டும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இருபது வயசில் சீக்கு வந்தது. பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள், ஆனால் நாலைந்து பேர் பேசுவது அவனுக்குக் கேட்கும். திட்டுவார்களாம், கேலி செய்வார்களாம், எழுந்து போ என்பார்களாம். மாத்திரையும் மாதம் ஒரு ஊசியுமாகப் பெரும்பாலும் அடங்கியது. முழுசாகப் போகவில்லை.

வேலைக்குப் போகவேண்டும் என்று அவனுக்குத் தீராத ஆசை. பூந்தமல்லியில் ஒரு ஜவுளிக்கடை, பாடியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ், திருவேற்காட்டில் ஒரு மளிகை மண்டி. எங்கே சேர்ந்தாலும் இரண்டு மாதம். ஒரு நாள் உங்கள் அம்மாவிடம், "ஒரே இடத்துல ஒரு வருசம் வேல பாத்தேன்னு சொல்லணும்க்கா. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள்.

எண்பதுகளின் நடுவில் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் சூப்பர்வைசர். இரும்புத் தகட்டை பிரஸ் மெஷினில் அடித்து லாரிகளுக்கு வாஷர், கிளாம்ப் செய்கிற இடம். நாற்பது பேருக்குள்தான் இருப்போம். அவனை அங்கே சேர்க்கலாம் என்று நான் சொன்னதும் தாத்தாவுக்கே பிடிக்கவில்லை.

"மாப்ள, இவன் எங்க போனாலும் ரெண்டு மாசந்தான். ஒங்க பேர ஏன் கெடுத்துக்கிடுதிய?"

முதலாளியிடம் எதையும் மறைக்கவில்லை. சீக்கையும் சொன்னேன், மாத்திரையையும் சொன்னேன். அவர், "ஒரு வருஷம் ஒழுங்கா வந்தான்னா பெர்மனென்ட் பண்ணிடறேன். நடுவுல நின்னுட்டான்னா நீ வந்து என்கிட்ட கேக்கக்கூடாது" என்றார். அதையே அவனிடமும் சொன்னேன். ஒரு வருஷம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மாத்திரை போட்டால் விடிகாலையில் எழ முடியாது. அதனால் ஆறு மணி ஷிப்ட் வேண்டாம், ஒன்பது மணி ஜெனரல் ஷிப்ட் என்று வாங்கிக் கொடுத்தேன். அசந்து கையை விட்டுவிடுவானோ என்று மெஷினில் நிறுத்தவில்லை. மூன்றாம் நம்பர் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, அடித்து விழுகிற வாஷர்களில் ஓரப் பிசிறை அரத்தால் ராவி எடுக்கிற வேலை. அந்த வரிசையில் ஆறு பிரஸ். சேர்ந்து ஓடினால் பக்கத்து ஆளிடம் பேசக்கூட அவர் காதில் வாயை வைத்துக் கத்தவேண்டும்.

மூன்றாம் நம்பர் பிரஸ் ஓட்டியவர் பாடிக்காரர். என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னை அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவார். சேர்ந்த முதல் வாரம் ஒருத்தன் எல்லார் முன்னாலும், "கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி கேசையெல்லாம் கூட்டினு வந்து உட்கார வச்சுக்கீறாங்கப்பா" என்றான். பாடிக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு நிதானமாகச் சொன்னார்: "உன் பெட்டு இன்னும் காலியாத்தான் கீதாம். போய்ப் படுத்துக்கோ மாமே." அதோடு அந்தப் பேச்சு நின்றது.

வேலை செய்யும்போது அவனுக்கு உதடு அசையும். அதைப் பார்த்து பாடிக்காரர் டீ நேரத்தில் கேட்பார். "இன்னா நைனா, காலைலேர்ந்து வாய் ஆடினே கீது? ரேடியோல எந்த ஸ்டேஷன் புடிச்சினு கீறே?"

"உன் ஊட்டு ஸ்டேஷன்தாண்ணே. அண்ணி உன்னைக் கிழிச்சினு கீது."

எல்லாரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். தன் சீக்கைச் சொல்லி அவன் சிரித்ததை நான் அங்கேதான் பார்த்தேன்.

இரண்டு மாதம் தாண்டியது. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். ஆறு மாதம் தாண்டியது. தாத்தா அவனுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். பத்து மாதம் ஆனது. அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

இன்ஸ்பெக்ஷன் ரூமில் ஒரு ஆள் வேலையை விட்டு நின்றுவிட்டார். கண்ணாடி போட்ட தனி அறை. மேலே ஃபேன், உட்கார நாற்காலி, கையில் அழுக்குப் படாத வேலை. நல்ல பீஸையும் கழித்த பீஸையும் அளந்து தனித்தனிப் பெட்டியில் போடவேண்டும். கதவைச் சாத்தினால் பிரஸ் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்கிற மாதிரி இருக்கும். உங்கள் அம்மா ரொம்ப நாளாகவே, "அந்தச் சத்தத்துல நல்லவனுக்கே தல கிறுகிறுக்கும், எந்தம்பி எப்படித்தான் இருக்கானோ" என்று புலம்பிக்கொண்டிருந்தாள். முதலாளியிடம் கெஞ்சி அந்த இடத்தை அவனுக்கு வாங்கினேன். பெர்மனென்ட் ஆகும்போது நாற்காலியில் உட்கார்ந்து ஆகட்டும் என்று நினைத்தேன். எங்கள் எஸ்டேட்டில் யாரைக் கேட்டாலும் அதை உபகாரம் என்றுதான் சொல்வார்கள்.

பாடிக்காரர் மட்டும் கேட்டார். "அவனாண்ட கேட்டியா அண்ணாத்தே?"

"இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு? யாராவது வேண்டாம்பானா?"

"இல்ல, இங்க நல்லாத்தான் கீறான். அதான் சொன்னேன்."

அவனிடம் போய், "நாளையிலேருந்து உள்ள ரூம்ல உட்காரு" என்றேன். அவன் அரத்தைத் துணியில் துடைத்தான், ஸ்டூலுக்கு அடியில் வைத்தான், "சரி மாமா" என்றான். அவ்வளவுதான். நான் செய்த உபகாரத்தை நினைத்து எனக்கு அன்றைக்கு ஒரே பெருமை.

ஒன்பது நாள் உட்கார்ந்தான். மூன்றாம் நாளே மேஜையில் விடாமல் தட்டுகிறான் என்று கூட இருந்தவர் சொன்னார். பழகட்டும் என்றேன். ஆறாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் தூக்குவாளியைத் திறக்காமல் மெயின் ரோட்டில் லாரிகளுக்குப் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தான். வெயிலில் ஏண்டா அலைகிறாய் என்று அதட்டிக் கூட்டி வந்தேன். ஒன்பதாம் நாள் அந்த ரூமில் யாரும் வாயைத் திறக்காதபோது, "சும்மா இருங்க! சும்மா இருங்கன்னு சொல்லுதேம்லா!" என்று கத்தினானாம். இரண்டு பெட்டியையும் தரையில் கவிழ்த்துவிட்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டான். நல்ல பீஸும் கழித்த பீஸும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. சாயங்காலம் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தவனை நானும் பாடிக்காரரும் கண்டுபிடித்தோம். மறுநாளே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

முதலாளி கோபப்படவில்லை. "தேறி வரட்டும். பழைய இடத்துலயே உட்காரட்டும். வந்த பத்து மாசத்தையும் சேத்துக் கணக்கு வச்சுக்கலாம்" என்றார். அந்தச் சேதியைத் தூக்கிக்கொண்டு, அவன் வீட்டுக்கு வந்த மறுநாளே குவார்ட்டர்ஸுக்கு ஓடினேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மாத்திரையில் உடம்பு ஊதியிருந்தது. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"என்னைத் திட்டுதாங்கள்ல, அந்த பிரஸ் ஓடும்போது அவங்க பேசுதது எனக்குக் கேக்காது மாமா. வாய அசைப்பாங்க, நானும் பதிலுக்கு அசைப்பேன். சத்தத்துல ஒண்ணும் காதுல விழாது. அந்த ரூம்ல எல்லாம் தெளிவாக் கேட்டுச்சு."

"என்கிட்ட ஏண்டா சொல்லல?"

"நீங்க கேக்கலியே மாமா. வேல சரியில்லன்னுதான் எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"வேல சரியில்லன்னா நாற்காலி குடுப்பாங்களாடா?"

"எனக்கு எங்க தெரியும்?" என்று லேசாகச் சிரித்தான். அப்புறம், "இனிமே அந்த கேட்டுக்குள்ள வரமாட்டேன் மாமா. நான் கத்துனத எல்லாரும் பாத்துட்டாங்க" என்றான்.

பாடிக்காரர் இரண்டு தடவை நேரில் போய்க் கூப்பிட்டார். "வா நைனா, நீ இல்லாம எங்க ஊட்டு ஸ்டேஷன் படுத்துகிச்சு" என்று கேலி செய்துகூடப் பார்த்தார். அவன் வரவில்லை. ஒரு வருஷத்துக்கு இரண்டு மாதம் குறைவு. அந்த இரண்டு மாதத்தை என்னால் எங்கிருந்தும் எடுத்துவந்து அவனுக்குக் கொடுக்க முடியவில்லை.

தொண்ணூறுகளில் நான் ஃபோர்மேன் ஆன பிறகு, இந்த மாதிரி சீக்கோடு இருக்கிற இன்னும் மூன்று பேருக்கு எங்கள் கம்பெனியில் இடம் வாங்கிக் கொடுத்தது உங்களுக்கே தெரியும். அதில் ஒரு அம்மா நம் வீட்டுக்குப் பொங்கலுக்கு வருவார்கள். அந்த அம்மாவைக் கம்பெனி முழுக்கச் சுற்றிக் காட்டிவிட்டு, "எங்க உட்கார்ந்தா உங்களுக்குத் தோதா இருக்கும்?" என்று கேட்டுத்தான் இடம் போட்டேன். கக்கூஸுக்குப் பக்கத்தில் என்றார்கள். சரி என்று அங்கேயே மேஜை போட்டேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் மாமா ஞாபகம் வரும்.

உங்கள் மாமாவும் தாத்தாவும் திருநெல்வேலிக்குப் புறப்பட்ட நாளைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். தாத்தா ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்தார். எழும்பூரில் ஏற்றிவிட நான் போயிருந்தேன். வண்டி நகர்கிற நேரத்தில் அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"மாமா, மூணாம் நம்பர் ஓடுதா?"

"ஓடுதுடா."

"பக்கத்துல யாரு இருக்கா?"

"யாரும் இல்லடா."

தலையை ஆட்டினான். வண்டி போய்விட்டது. அதற்கப்புறம் அவன் இந்தப் பக்கம் வரவே இல்லை.

அன்றைக்கு மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. நேரே வீட்டுக்கு வராமல் அம்பத்தூரில் இறங்கி கம்பெனிக்குப் போனேன். மாசம் பிறப்பதற்குள் ஒவ்வொரு ஆளுக்கும் வருகிற போகிற நேரம் பதிகிற புது டைம் கார்டு எழுதி, கேட்டுக்குப் பக்கத்துச் சட்டத்தில் செருகிவைப்பது என் வேலை. உட்கார்ந்து முப்பத்தெட்டுப் பேருக்கும் எழுதி முடித்தேன். அப்புறம் இன்னொரு கார்டு எடுத்து அவன் பேரை எழுதினேன். மை காய்கிறவரை ஊதிவிட்டு, பாடிக்காரர் கார்டுக்கு அடுத்த காலி இடத்தில் செருகினேன். கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.