எண் மட்டும் எழுதிய உறைகள்

கோலார் தங்க வயல் பஜாரில் ஒரு டாக்டர் சொந்தமாக எக்ஸ்ரே அறை வைத்திருந்தார். அறுபதுகளில் அங்கே படங்களை அடுக்கி வைப்பது என் வேலை. சுரங்கத்தில் இறங்குகிறவர்கள், தாங்கள் இறங்கும் குழியான ஷாஃப்டின் பெயரையும் டோக்கன் எண்ணையும் சொல்வார்கள். உறைமேல் அதை மட்டும் எழுதுவது அங்கே வழக்கம். ஒருவர் வேலையை விட்டால் அவருடைய எண் புதிதாக வருபவருக்குப் போய்விடும். உறை மட்டும் பழைய இடத்திலேயே இருக்கும். தகப்பனார் பெயரையும் சேர்க்கலாமே என்று டாக்டரிடம் கேட்டேன். எண்ணே போதும் என்றார்.

சுரங்கத்தில் இறங்கிக்கொண்டிருந்த என் தம்பிக்கு இருமல் விடவில்லை. நெஞ்சில் தூசு நோய் வளர்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் கீழிருந்து மேல்வேலைக்கு மாற்றிவிடுவார்கள். புதுப் படம் எடுத்து, அவன் எண்ணில் இருந்த பழைய படத்தோடு வைத்துப் பார்த்தார் டாக்டர். இரண்டிலும் ஒரே மாதிரி வெள்ளைத் திட்டுகள். பழைய வடுதான், வளரவில்லை என்று எழுதினார். தம்பி மறுபடி கேஜ் கூண்டில் ஏறிக் கீழே இறங்கினான்.

சில மாதம் கழித்து, மூச்சு வாங்க வாங்க அறைக்கு வந்தான். இரண்டு படங்களையும் விளக்குப் பெட்டியில் மாட்டினேன். பழைய படத்தில், ஒடிந்து கோணலாக ஒட்டிய விலா எலும்பு ஒன்றைத் தொட்டுக் காட்டினான்.

"எனக்கு எப்பண்ணா எலும்பு ஒடஞ்சுது? கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

சிரிக்கப் போய் இருமினான். அது அவன் நெஞ்சே இல்லை. அந்த எண்ணில் அவனுக்கு முன்னால் இருந்த யாரோ ஒருவருடையது.

அவன் முதலில் தங்க வயலிலேயே பாலகாட் ஷாஃப்டில் வேலை செய்தவன். அந்த ஷாஃப்டின் உறைகளில், அவனுடைய பழைய எண்ணில், அவன் படம் கிடைத்தது. திட்டே இல்லாத நெஞ்சு. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, நோய் வளர்கிறது என்று புதிய கடிதம் எழுதினார்.

அதன்பின் எல்லா உறைகளிலும் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த ஆண்டு எழுதினேன். படம் எடுத்த நாளையும் ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் எழுதினேன். அடுக்கினால் பழையது தானாக முன்னால் நிற்கும். டாக்டர் தடுக்கவில்லை.

மேல்வேலைக்கு உத்தரவு வந்த அன்று தம்பியால் பாயை விட்டு எழ முடியவில்லை. வேட்டியைக் கட்டி விடச் சொன்னான். கட்டிவிட்டோம்.

"நீ போய் சொல்லிட்டு வாண்ணா. நாளைக்கு வந்துடுறேன்னு சொல்லு."

போய், அப்படியே சொல்லிவிட்டு வந்தேன்.