புழுதி இருமல் என்றே நினைத்தோம்

குப்புசாமி அண்ணன் இன்று காலையில் தவறிவிட்டார். எங்கள் ரிக் வண்டியில் டிரில்லர்... பதினொரு வருடம் ஒரே வண்டியில் வேலை பார்த்தோம்.

திருச்செங்கோட்டுப் பக்கம்தான் ஊர். போர்வெல் வண்டிக்காரர்கள் நிறைய பேருக்கு அவரைத் தெரியும், அதனால் இங்கே போடுகிறேன்.

கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அந்தச் சத்தத்திலும் கீழே பாறை மாறுவதைக் கண்டுபிடித்துவிடுவார். லீவரிலிருந்து கை எடுக்க முடியாது, பீடி பிடிக்கத் தோதில்லை. அதனால் கன்னத்தில் எப்போதும் புகையிலை. நானும் அப்படித்தான் பழகினேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தக் கன்னத்தில் ஆறாத புண். கேன்சர் என்றார்கள். ஆபரேஷன் செய்து, கழுத்தில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்து, கரண்ட் வைத்தார்கள், ரேடியேஷன். ஆறே மாதத்தில் திரும்ப வண்டி ஏறிவிட்டார்.

காதுக்குக் கீழிருந்து தொண்டை வரைக்கும் தழும்பு. போர் போட வரச் சொன்ன தோட்டத்துக்காரர்கள் அதையே பார்ப்பார்கள். "மாடு முட்டிப்போடுச்சுங்க" என்பார். எந்த மாடு, என்ன நிறம், எந்தச் சந்தையில் பிடித்தது என்று மூச்சு விடாமல் கதை ஓடும். நான் அந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பேன்.

போன சீசனில் மத்தியப் பிரதேசத்தில் இருந்தோம். அங்கேதான் இருமல் ஆரம்பித்தது.

ரிக்கில் இருமலை யாரும் வியாதியாகவே எடுப்பதில்லை. பாறைமாவு மூக்கு, வாய், காது எல்லாவற்றிலும் ஏறும். ஒரு போர் முடிந்ததும் ஆளுக்கொரு துண்டு வெல்லம் கொடுப்போம், தொண்டை கழுவிவிடும் என்று. அண்ணனுக்கு மட்டும் இரண்டு துண்டாகக் கொடுத்தேன்... மூன்று மாதம் கொடுத்தேன்.

"ஊருக்குப் போயி ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டீட்டு வந்துருங்கண்ணா" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். "புழுதிடா தம்பி. ரிக்குக்காரன் இருமாம வேற எவன் இருமுவான்?" என்றார். சரியாகத்தான் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். செக்கப் தேதி இரண்டு தாண்டிப் போயிருந்தது.

இடுப்பு வலி என்று படுத்த பிறகுதான் சேலத்துக்குக் கூட்டிப்போனோம். ஸ்கேன் படத்தை விளக்குக்கு நேரே பிடித்தார் டாக்டர். நுரையீரல் இரண்டிலும் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள். இடுப்பெலும்பிலும் இருந்தது.

"வாயில வந்தத எடுத்தாச்சுங்களே டாக்டர். நெஞ்சுக்கு எப்படிங்க போச்சு?" என்று நான்தான் கேட்டேன்.

வாயிலிருந்து முதலில் கழுத்து நெறிக்கு வருமாம். அங்கிருந்தோ, நேராகவோ, ரத்தத்தில் கலந்து போய்விட்டால் பெரும்பாலும் நுரையீரலில்தான் முதலில் தங்குமாம். எலும்பு, ஈரலுக்கும் போகுமாம். ஆபரேஷன் சமயத்திலேயே கண்ணுக்குத் தெரியாத அளவில் அங்கே போயிருக்கலாம் என்றார். "நுரையீரல்ல இருந்தாலும் இது அதே வாய்க் கேன்சர்தான்" என்றார்.

அண்ணன் துண்டை எடுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டார். நான் என் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

ஏனென்றால்... இதை இங்கே நிறைய பேருக்கு நான் சொன்னதில்லை. போன வருடம் எனக்கும் நாக்கின் ஓரத்தில் ஆபரேஷன் ஆனது. அண்ணன்தான் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கூட இருந்தார். எனக்கும் கழுத்தில் நெறி எடுத்திருக்கிறார்கள்.

எனக்கும் ஒரு மாதமாக இருமல்.

வண்டியை விட்டு இறங்கி இரண்டு வாரம் ஆகிறது. புழுதியென்றால் இந்நேரம் நின்றிருக்க வேண்டும். டாக்டர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டு எட்டு நாளாகச் சட்டைப் பையிலேயே கிடந்தது. பயம்தான், வேறென்ன.

இன்று அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தபோது இருமல் வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எத்தன நாளா இருக்குதுங்க சாமி?"

"இப்பத்தானுங்கக்கா..."

"கெளம்புங்க."

"எடுக்கற வரைக்குமாவது இருக்கறனுங்க அக்கா."

"நீங்க இங்க இருந்து அவருக்கு ஆகப்போறது ஒண்ணுமில்லீங்க சாமி. இன்னைக்கே போயி படம் எடுத்துப்போடுங்க. அவரு கோவிச்சுக்க மாட்டாரு." எழுந்து வந்து என் கையைப் பிடித்து வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். எழவு வீட்டிலிருந்து என்னைத் துரத்தினார்.

இப்போது சேலத்தில் ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். இப்போது ஒருவர்தான். திரும்பப் படித்துப் பார்க்க நேரமில்லை, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே இந்நேரம் எடுத்திருப்பார்கள்.

அண்ணா, உங்களுக்குத் தோள் கொடுக்க நான் அங்கே இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்... என் பெயரைக் கூப்பிடுகிறார்கள்.